போர் விமானத்தின் கணினி நம் கைப்பேசியைவிட மெதுவாக இருப்பது ஏன்?

பழையமேசை எழுதியது

வணக்கம் நண்பர்களே. பழைய கணினிகளைத் தேடி வாங்கிப் பழுது நீக்கி ஓட வைப்பதும், போர் விமானங்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிப்பதும் என் இரண்டு பொழுதுபோக்குகள். அவை இரண்டும் சந்திக்கும் இடத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருக்கிறது.

2024 பிப்ரவரி 19 அன்று தேஜஸ் மார்க்-1ஏ விமானத்துக்கான புதிய பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினி, எல்எஸ்பி-7 என்ற முன்மாதிரி விமானத்தில் பொருத்தப்பட்டு வெற்றிகரமாகப் பறந்தது. அந்தக் கணினி ஒரே கணக்கைத் தனித்தனியே போடும் நான்கு தடங்களைக் கொண்டது என்றும், பவர்பிசி வகைச் செயலியில் இயங்குகிறது என்றும் அரசு வெளியிட்ட அறிவிப்பில் சொல்லப்பட்டிருந்தது. ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளில் 1994 முதல் பயன்படுத்தி, 2006-இல் இன்டெலுக்கு மாறியபோது கைவிட்ட செயலிக் குடும்பம்தான் பவர்பிசி. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பழைய மேக் ஒன்று என்னிடம் இன்றும் ஓடுகிறது. இன்றைய இணையப் பக்கம் ஒன்றைத் திறக்க அது படும் பாடு எனக்குத் தெரியும்.

சுகோய்-30 எம்கேஐ இன்னொரு சான்று. அந்த விமானத்தின் பணிக்கணினி உள்ளிட்ட சில முக்கியக் கணினிகளை 'வெற்றிவேல்' என்ற தமிழ்ப் பெயர் கொண்ட திட்டத்தின் கீழ் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கியது. அதற்கு அவர்கள் தேர்ந்தது இன்டெல் ஐ960 குடும்பச் செயலி. அமெரிக்காவின் எஃப்-22 விமானமும் தன் மையக் கணினிக்கு அதே குடும்பத்தைத்தான் எடுத்துக்கொண்டது. சேகா நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த மாடல் 2 என்ற விளையாட்டு நிலைய இயந்திரத்திலும் ஓர் ஐ960 தான் 25 மெகாஹெர்ட்ஸில் ஓடியது.

உலகின் மிக விலையுயர்ந்த பறக்கும் இயந்திரங்களில் இவ்வளவு பழைய செயலிகள் இருப்பதற்கு அரசுக் கொள்முதலின் தாமதம் மட்டும்தான் காரணமா, அல்லது பொறியியல் சார்ந்த காரணமும் இருக்கிறதா? தாமதம் ஒரு பகுதிதான், முழு விடை வேறெங்கோ இருக்கிறது என்பது என் எண்ணம். விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

தும்பி எழுதியது

நல்ல கேள்வி, நண்பரே. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு நவீனப் போர் விமானத்தில் பல கணினிகள் இருக்கின்றன. இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பரப்புகளை ஆளுவது பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினி. ரேடார், வரைபடம், ஆயுதங்கள், காட்சித்திரைகள் ஆகியவற்றை ஒருங்கிணைப்பது பணிக்கணினி. நீங்கள் சொன்ன தேஜஸ் எடுத்துக்காட்டு முதல் வகை, சுகோய் எடுத்துக்காட்டு இரண்டாம் வகை. இரண்டின் தேவைகளும் வேறு வேறு. நான் முதல் வகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வால்சிறகு இல்லாத முக்கோண இறக்கை கொண்ட தேஜஸ், வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே நிலைப்புத்தன்மை குறைத்து வடிவமைக்கப்பட்டது. உள்ளங்கையில் ஒரு கோலைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருப்பதைப் போல, கணினி இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது நேராகப் பறக்கும். இத்தகைய விமானத்துக்கு எவ்வளவு வேகமான கணினி வேண்டும் என்பதற்கு, 1984 டிசம்பர் 14 அன்று முதன்முதலாகப் பறந்த எக்ஸ்-29 என்ற அமெரிக்க ஆய்வு விமானம் நல்ல அளவுகோல். முன்னோக்கி வளைந்த இறக்கை கொண்ட அந்த விமானம், அதுவரை பறந்தவற்றுள் மிக மோசமான நிலைப்பின்மை உடையது. அதைக் காப்பாற்றிய கணினிகள் ஒரு நொடிக்கு 40 முறை வரை கட்டளை கொடுத்தன. ஒரு கட்டளைக்கும் அடுத்ததற்கும் இடையே 25 மில்லி நொடி என்பது இன்றைய எந்தச் செயலிக்கும் பெரிய அவகாசம்.

ஆகவே இங்கே தேவைப்படுவது வேகம் அன்று, ஒவ்வொரு சுற்றும் குறித்த நேரத்துக்குள் முடியும் என்ற உறுதி. கைப்பேசியில் உள்ள செயலி சராசரியில் அபார வேகம் உடையது. ஆனால் அந்தச் சராசரியை அது பெறுவது, அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று முன்கூட்டியே ஊகித்தும், அண்மையில் தொட்ட தரவுகளை இடைநினைவகத்தில் வைத்தும், தன்னுள் இருக்கும் பல கணக்கிடும் கருக்களுக்கு வேலையைப் பகிர்ந்தும்தான். ஊகம் பிழைத்தாலோ, பக்கத்துக் கரு அதே நினைவகத்தை அதே கணத்தில் கேட்டாலோ, அதே கணக்கு திடீரெனப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். திரையில் ஒரு காணொளி ஒரு கணம் நின்று ஓடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். விமானத்தில் அப்படி ஒரு சுற்று தவறுவதை அனுமதிக்க முடியாது. மிக மோசமான நிலையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்னதாகவே கணித்துச் சான்றளிக்க வேண்டும், செயலி எளிமையாக இருந்தால்தான் அந்தக் கணிப்பு கைகூடும்.

பொழுதுபோக்காளர்கள் வாங்கும் ட்ரோன்களைப் பாருங்கள். பெரிதும் புழங்கிய முதல் பிக்ஸ்ஹாக் பலகையில் இருந்தது 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு நுண்கட்டுப்படுத்திதான். அதன் உள் நினைவகம் 256 கிலோபைட். ஆர்டுபைலட் மென்பொருள் அதில் நொடிக்கு 400 முறை முதன்மைச் சுற்றை ஓட்டி ஒரு நான்குசுழலியை நிலையாக நிறுத்துகிறது. அதைவிடப் பன்மடங்கு வேகமான ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை அதே ட்ரோனில் வைப்பவர்கள்கூட அதைப் படம் பார்க்கவும் வழி தேடவும்தான் பயன்படுத்துகிறார்கள், மோட்டாரை நேரடியாக ஆளும் வேலையைப் பெரும்பாலும் அதனிடம் கொடுப்பதில்லை.

கம்பிவலை எழுதியது

தும்பி அவர்கள் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் இந்த இழையின் தலைப்பிலேயே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: போர் விமானக் கணினி எப்போதும் சந்தைக்குப் பின்தங்கியே இருந்தது என்பது. வரலாறு அப்படி இல்லை என்பதை எஃப்-14 டாம்கேட் விமானத்தின் கதை காட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு விமானம் தன் வேகத்தையும் உயரத்தையும் மாக் எண்ணையும் (தன் வேகம் ஒலியின் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை) அறிவது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்துதான். அளந்த அழுத்தத்தை வேகமாக மாற்றும் கணக்கு எளிதானதன்று. 1950-களில் இந்த வேலையைச் செய்தவை பற்சக்கரங்களும் வளைவுத் தகடுகளும் நிறைந்த இயந்திரப் பெட்டிகள். பெண்டிக்ஸ் நிறுவனம் செய்த அத்தகைய காற்றுத்தரவுக் கணினி எஃப்-101 போன்ற விமானங்களில் இருந்தது. ஒவ்வொரு சமன்பாடும் ஓர் உலோகத் தகட்டின் விளிம்பில் வெட்டப்பட்டிருக்கும். அதன் உட்புறப் படங்களைப் பார்த்தால் கைக்கடிகாரம் செய்பவர்கள்கூட வியந்து நிற்பார்கள்.

எஃப்-14 விமானத்தின் இறக்கை பறக்கும்போதே 20 பாகையிலிருந்து 68 பாகை வரை பின்னோக்கிச் சாயும். எந்த வேகத்தில் எவ்வளவு சாய வேண்டும் என்பதைக் கணினியே முடிவு செய்ய வேண்டியிருந்ததால், பற்சக்கரப் பெட்டி போதவில்லை. காரெட் ஏர்ரிசர்ச் நிறுவனத்தில் ஸ்டீவ் கெல்லர், ரே ஹோல்ட் ஆகியோர் 1968-இல் தொடங்கி 1970-க்குள் எம்பி944 என்ற சில்லுத் தொகுப்பை வடிவமைத்தார்கள். பெருக்கலுக்கு ஒன்று, வகுத்தலுக்கு ஒன்று என ஆறு வகைச் சில்லுகள் அதில் இருந்தன. தரவின் அகலம் 20 பிட், கடிகார வேகம் 375 கிலோஹெர்ட்ஸ். உறைநிலைக்குக் கீழே 55 பாகை முதல் கொதிநிலையைத் தாண்டி 125 பாகை செல்சியஸ் வரை அது வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

எஃப்-14 முதன்முதலில் பறந்தது 1970 டிசம்பர் 21. உலகின் முதல் வணிக நுண்செயலி என்று நாம் படித்திருக்கும் இன்டெல் 4004 அறிவிக்கப்பட்டது 1971 நவம்பரில், அதுவும் 4 பிட் அகலத்தோடு, மேசைக் கணிப்பான் ஒன்றுக்காக. ஆனால் ஹோல்ட் எழுதிய கட்டுரையை அமெரிக்கக் கடற்படை வெளியிட விடவில்லை. 1998-இல்தான் அந்த விவரங்கள் வெளியே வந்தன. பல சில்லுகள் சேர்ந்தே ஒரு செயலியாகும் என்பதால் எம்பி944-ஐ நுண்செயலி என்று அழைக்கலாமா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. பெயர் எதுவானாலும், 1970-இல் ஒரு போர் விமானத்துக்குள் இருந்த கணினி, கடைகளில் கிடைத்த எதையும்விட முன்னேறியது என்பதில் ஐயம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானியின் கட்டளையை மின்கம்பி வழியே அனுப்பி விமானத்தை இயக்கும் முறையை எண்ணிம (டிஜிட்டல்) கணினியோடு முதலில் சோதித்தது நாசாவின் எஃப்-8 விமானம். 1972 மே 25 அன்று அது பறந்தபோது உள்ளே இருந்தது அப்பல்லோ வழிகாட்டும் கணினி. நிலவுக்குப் போன அதே வகைக் கணினியைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையைச் சொன்னவர் நீல் ஆம்ஸ்ட்ராங். ஆகவே எனது கேள்வி: முன்னே இருந்தவர்கள் எப்போது பின்னே போனார்கள்?

பழையமேசை எழுதியது

கம்பிவலை ஐயாவுக்கு மிக்க நன்றி. உங்கள் கேள்விக்கு நான் படித்த அளவில் ஒரு விடை உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஒருங்கிணைந்த மின்சுற்றுகளை வாங்கியவர்களே ராணுவமும் விண்வெளித் துறையும்தான். மினிட்மேன் 2 ஏவுகணையும் அப்பல்லோவும் அவற்றின் பெரும்பங்கை வாங்கியதால்தான் அந்தத் தொழில் காலூன்றியது. பிறகு கணிப்பான், கைக்கடிகாரம், தனிக்கணினி, கைப்பேசி என்று பொதுச்சந்தை பெருகியபோது ராணுவம் மிகச் சிறிய வாடிக்கையாளர் ஆகிவிட்டது. 1994-இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி, ராணுவத்துக்கே உரிய தரவரையறைகளை விட்டுப் பொதுச்சந்தைத் தரங்களையே இயன்றவரை பின்பற்றுங்கள் என்று அறிவுறுத்தியது இந்த மாற்றத்தின் ஒப்புதல்தான்.

ஒரு விமானம் வடிவமைப்பில் பத்தாண்டுகளும் சேவையில் முப்பது, நாற்பது ஆண்டுகளும் இருக்கிறது. ஒரு சில்லு சந்தையில் இருப்பதோ சில ஆண்டுகள். எஃப்-22 படையில் சேர்ந்தது 2005-இல். அதற்குள் ஐ960-இன் பொற்காலம் முடிந்துவிட்டது. உற்பத்தி நிற்கப்போகும் சில்லை ஆயுள் முழுவதுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கிக் கிடங்கில் வைப்பது இத்துறையில் வழக்கமான ஏற்பாடு. பழைய மேக்குகளுக்காக நாங்கள் மின்தேக்கிகளைத் தேடி அலைவதும் இதே சிக்கலின் சிறு வடிவம்.

சூலூர்ச்சாலை எழுதியது

தேஜஸின் இரண்டு படையணிகள், 45-ஆவதும் 18-ஆவதும், எங்கள் ஊர்ப் பக்கம் சூலூரில் செயல்படத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி எங்கள் நண்பர் வட்டத்திலும் அடிக்கடி எழுகிறது. பழைய தொழில்நுட்பம் போரில் உறுதியானது என்பதற்கு மிக்-25 விமானத்தை எல்லோரும் சான்று காட்டுவார்கள். 1976 செப்டம்பர் 6 அன்று சோவியத் விமானி விக்டர் பெலென்கோ அதை ஜப்பானின் ஹக்கோடாடே நிலையத்தில் கொண்டுவந்து இறக்கியபோது, பிரித்துப் பார்த்த மேற்கத்திய வல்லுநர்கள் உள்ளே டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்து வெற்றிடக் குழல்கள் இருப்பதைக் கண்டு வியந்தார்கள். அணு வெடிப்பின் மின்காந்தத் துடிப்பைத் தாங்குவதற்காகவே குழல்களை வைத்தார்கள் என்ற விளக்கத்தை நான் பல இடங்களில் படித்திருக்கிறேன்.

உயரத்தின் சிக்கலும் இருக்கிறது. தரைமட்டத்தைவிட 40,000 அடி உயரத்தில் நியூட்ரான்கள் சில நூறு மடங்கு அதிகம். அவற்றுள் ஒன்று நினைவகத்தின் ஒரு பிட்டைத் தாக்கினால் 0 என்பது 1 ஆகிவிடும். ஈ-3 அவாக்ஸ் என்ற ரேடார் கண்காணிப்பு விமானத்தின் நினைவகங்களில் இப்படி நேர்ந்தவற்றை ஆராய்ந்து 1990-களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பெரிய அளவுடைய பழைய டிரான்சிஸ்டர்கள் இதைச் சற்று நன்றாகத் தாங்கும் என்பதும் ஒரு காரணம் அல்லவா?

மின்பொறி எழுதியது

சூலூர்ச்சாலை தம்பி, நியூட்ரான் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் அதற்கு இன்று பிழைதிருத்தும் நினைவகமும், பல தடங்களின் முடிவை ஒப்பிட்டு வாக்கெடுக்கும் முறையும் இருக்கின்றன. தேஜஸில் நான்கு தடங்கள் இருப்பதே, ஒன்று தவறான விடை சொன்னால் மற்றவை அதை ஒதுக்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான். மிக்-25 விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அதன் ரேடார், எதிரியின் மின்னணுத் தடங்கலை வலிமையால் ஊடுருவுவதற்காக ஏறக்குறைய 600 கிலோவாட் உச்சத்திறனை உமிழ்ந்தது. 1960-களின் சோவியத் தொழிற்சாலைகளால் அந்தத் திறனை நம்பகமாகக் கையாளக் குழலில்தான் முடிந்தது. மின்காந்தத் துடிப்பைத் தாங்கியது அதனால் கிடைத்த துணைப்பயனாக இருக்கலாம், அதற்காகவே தேர்ந்தார்கள் என்று சொல்ல வலுவான ஆதாரம் வேண்டும்.

இந்த இழையில் எல்லோரும் பழைய கணினிக்கு ஆதரவாகவே பேசுவதால், எதிர்ப்பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பழையது, சோதிக்கப்பட்டது, ஆகவே பாதுகாப்பானது என்ற நம்பிக்கை ஆபத்தானது. 2007 பிப்ரவரியில் எஃப்-22 விமானங்கள் ஹவாயிலிருந்து ஜப்பானின் கடேனா தளத்துக்குப் பறந்தபோது, பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டிய கணத்தில் வழிகாட்டும் அமைப்பு உள்ளிட்ட பல கணினிச் செயல்கள் நின்றுபோயின. வானிலை தெளிவாக இருந்ததால், எரிபொருள் நிரப்பும் விமானங்களைக் கண்ணால் பார்த்துப் பின்தொடர்ந்து அவை ஹவாய்க்குத் திரும்பின. செயலி பழையது, மென்பொருள் பல்லாண்டு சோதிக்கப்பட்டது, ஆனாலும் அந்த ஒரு கோடு சோதனையில் இல்லை.

உண்மையான சிக்கல், மாற்றுவதற்கு ஆகும் செலவு. விமான மென்பொருளுக்கான டிஓ-178சி என்ற தரத்தின் மிக உயர்ந்த ஏ நிலையில் ஒரு மென்பொருளுக்குச் சான்று பெற, ஒவ்வொரு முடிவுக்குள்ளும் இருக்கும் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியே அந்த முடிவை மாற்றுகிறது என்று சோதனையில் காட்ட வேண்டும். தேஜஸின் புதிய கணினி அந்த நிலைக்கு ஏற்பச் செய்யப்பட்டது. ஒரு வரியை மாற்றினாலும் அதன் விளைவு எங்கெங்கே பரவும் என்று ஆராய்ந்து அந்த இடங்களை மறுபடி சோதித்தாக வேண்டும். ஆகவே மாற்றத் தயங்குகிறார்கள், தயங்கத் தயங்க அமைப்பு மேலும் பழையதாகிறது.

இதற்கு மாற்று வழி இருக்கிறது. சுவீடனின் கிரிப்பன்-ஈ விமானத்தில் பறப்பைக் காக்கும் மென்பொருளையும் போர்ப்பணிக்கான மென்பொருளையும் கறாராகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரேடார் படத்தைக் காட்டும் முறையை மாற்றினால் பறப்பு மென்பொருளை மீண்டும் சோதிக்க வேண்டியதில்லை. 1955-இல் முதலில் பறந்த யு-2 உளவு விமானத்தின் கணினிகளில் 2020-இல் குபர்நெட்டீஸ் ஓட்டிக் காட்டினார்கள். இணையச் சேவை நிறுவனங்கள் தம் வழங்கிகளில் பயன்படுத்தும் அதே மென்பொருள்தான் அது. பணிக்கணினியைப் பொறுத்தவரை பழைய செயலிக்கு எந்தப் பொறியியல் நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தும்பி எழுதியது

மின்பொறி அவர்கள் சொன்ன பிரிவினையை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். பறப்புக் கணினிக்கு எளிய செயலி, பணிக்கணினிக்குப் புதிய செயலி, இடையே மதில் என்பதே சரியான வடிவம். ஆனால் ஒரு திருத்தம். கிரிப்பனையே எடுத்துக்கொண்டால், அதன் முன்மாதிரி 1989 பிப்ரவரியில் தரையிறங்கும்போதும், மற்றொரு விமானம் 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகரில் மக்கள் முன்னிலையிலும் விழுந்து நொறுங்கின. 1992 ஏப்ரலில் எஃப்-22-இன் முன்மாதிரியான ஒய்எஃப்-22 அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் தளத்தின் ஓடுதளத்தில் மோதியது. மூன்றிலும் செயலியின் வேகம் காரணம் அன்று. விமானி கைப்பிடியை அசைக்க, கணினி ஒன்றைச் செய்ய, அதைச் சரிசெய்ய விமானி மறுபடி அசைக்க, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி ஊசலாட்டம் பெருகிவிட்டது. குறை இருந்தது கட்டுப்பாட்டு விதிகளில், அதாவது விமானியின் அசைவுக்குக் கணினி எவ்வளவு திருத்த வேண்டும் என்று சொல்லும் கணக்குகளில்.

நம் நாட்டில் அந்த விதிகளை எழுதிய கதை பெருமைக்குரியது. 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் வந்த தடையால் லாக்ஹீட் மார்ட்டினுடன் நடந்த கூட்டுப்பணி நின்றுபோனது. பெங்களூரில் இருந்த நம் அறிவியலாளர்கள் அதைத் தாங்களே முடித்து, 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் விமானத்தைப் பறக்க வைத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டு விதிகளால் ஒரு தேஜஸும் வீழ்ந்தது என்று நான் எங்கும் படித்ததில்லை. அவர்கள் கையில் இருந்த செயலி வேகமானதாக இருந்திருந்தாலும் அந்த உழைப்பில் ஒரு நாளும் குறைந்திருக்காது.

பழையமேசை எழுதியது

இப்போது விடை எனக்குத் துலங்குகிறது. பறப்புக் கணினி மெதுவாக இருப்பது தேர்வு, பணிக்கணினி மெதுவாக இருப்பது பெரும்பாலும் காலத்தின் பிடி. ஒரே விமானத்துக்குள் இரண்டும் இருப்பதால் நாம் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிடுகிறோம்.

சராசரிக்கும் மோசமான நிலைக்கும் உள்ள இடைவெளியை வீட்டிலேயே அளந்து பார்க்க வழி இருக்கிறதா?

தும்பி எழுதியது

இருக்கிறது. ஒரு ராஸ்பெரி பையில் லினக்ஸை ஏற்றி, ஆர்டி-டெஸ்ட்ஸ் தொகுப்பில் உள்ள சைக்ளிக்டெஸ்ட் என்ற நிரலை ஓட்டுங்கள். குறித்த நேரத்தில் எழுப்பு என்று அது இயங்குதளத்திடம் கேட்டு, உண்மையில் எவ்வளவு தாமதமாக எழுப்பப்பட்டது என்பதை மைக்ரோ நொடியில் பதிவு செய்யும். முதலில் வேறு வேலை ஏதும் இல்லாமல் ஓட்டுங்கள். பிறகு அட்டையில் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டும், வலையமைப்பில் தரவை இறக்கிக்கொண்டும் ஓட்டுங்கள். சராசரி அதிகம் மாறாது, ஆனால் கடைசி நெடுவரிசையில் உள்ள உச்ச எண் எகிறும். அடுத்து, நிகழ்நேர வசதி சேர்த்துக் கட்டிய லினக்ஸ் கருவை (கெர்னலை) ஏற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். பல்லாண்டுகள் தனி ஒட்டுகளாக இருந்த அந்த வசதி 2024-இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து முதன்மைக் கருவிலேயே இருக்கிறது, ஆனால் கருவைக் கட்டும்போது அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உச்ச எண் வெகுவாக இறங்குவதைக் காண்பீர்கள். சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்திவிடாமல் இரவு முழுவதும் விட்டுவையுங்கள், ஏனென்றால் நாம் தேடும் அந்த ஒரே ஒரு தாமதம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

கம்பிவலை எழுதியது

அந்தச் சோதனையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்பல்லோ வழிகாட்டும் கணினியை முழுமையாக உருவகிக்கும் இலவச மென்பொருள் இணையத்தில் கிடைக்கிறது, நிலவுக்குப் போன மூல நிரல்களும் அதனுடன் வருகின்றன. அழித்தெழுதும் நினைவகம் 2,048 சொற்கள் மட்டுமே கொண்ட அந்த இயந்திரத்தில், நேரம் போதாதபோது எந்த வேலையைக் கைவிடுவது, எதைக் கைவிடக் கூடாது என்பதற்கு முன்னுரிமை வரிசையை எப்படி அமைத்தார்கள் என்று படித்துப் பாருங்கள். எஃப்-8 விமானத்தை வானில் நிறுத்தியதும் இதே இயந்திரம்தான். பழையமேசை அவர்கள் தம் பவர்பிசி மேக்கிலும் சைக்ளிக்டெஸ்டைத் தொகுத்து ஓட்டி, ராஸ்பெரி பையின் எண்களோடு ஒப்பிட்டு இங்கே பதிவிட்டால் நாங்கள் எல்லோரும் ஆவலுடன் பார்ப்போம்.